திங்கள்நகர் வீட்டுக் கூடத்தில் ஒரு டெனான் ரிசீவர்: எட்டு மாதங்களுக்குப் பின்

என் தந்தைக்கு 76 வயது. தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஈராண்டுகளுக்கு முன் வீட்டுக்கு 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்கியபோது படத்தின் தெளிவைப் பார்த்து மகிழ்ந்தவர், ஒரு மாதம் கழிவதற்குள் அதன் முன் அமர்வதையே குறைத்துக்கொண்டார். காரணம் கேட்டபோது, "பாட்டு கேக்குது, வெடிச் சத்தம் கேக்குது, பேசுதது மட்டும் வெளங்க மாட்டேங்கு, மக்களே" என்றார். நாகர்கோவிலில் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்று பரிசோதித்ததில், வயதுக்கு இயல்பான குறைவுதான் என்று தெரிந்தது. வயதாகும்போது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. ச, த போன்ற மெய்களின் கூர்மை அந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. பின்னணி இசை ஒருபுறம் முழங்க, மெலிந்த தொலைக்காட்சியின் அடிப்பக்கத்திலிருந்து தரையை நோக்கி ஒலிக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் அந்த மெய்களை அவருடைய காதுக்குக் கொண்டு சேர்க்கவில்லை. ஹோம் தியேட்டர் என்றால் வீடு அதிர வேண்டும் என்பதற்காக வாங்குவோர் உண்டு. நான் வாங்கியது வசனம் விளங்க வேண்டும் என்பதற்காக. இந்த மதிப்புரையும் அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே எழுதப்படுகிறது.

தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியான சவுண்ட்பார் ஒன்றை வாங்கி முடித்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். விலை குறைந்தவற்றில் பல, வசனத்துக்கெனத் தனி ஸ்பீக்கர் இல்லாமல் இடம், வலம் என்ற இரண்டே சானல்களில் எல்லாவற்றையும் கலந்து தருபவை. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், கனத்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்றுக்கும் ஒலியைத் தனித்தனியாகப் பிரிக்கும் 5.1 முறையில் கலவை செய்யப்பட்ட திரைப்படத்தில் பேச்சின் பெரும்பகுதி நடுச் சானலில் தனியாகப் பதிவாகியிருக்கும். அந்த ஒரு சானலை மட்டும் எடுத்து, நல்ல ஸ்பீக்கர் ஒன்றில் ஒலிக்கச் செய்து, தேவையானால் அதன் அளவை மட்டும் உயர்த்திக்கொள்ள முடிந்தால் தந்தையின் குறை பாதி தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வசதியை முழுமையாகத் தருவது, ஒலியைச் சானல்களாகப் பிரித்துப் பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டியான ரிசீவர்தான். மேலும் சவுண்ட்பாரில் ஒரு பகுதி பழுதானால் பல வேளைகளில் முழுவதையும் மாற்ற நேர்கிறது; ரிசீவரில் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் தனித்தனியாக இருப்பதால் ஒன்றை மாற்ற மற்றொன்றைத் தொட வேண்டியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரிசீவரை ஓட்டிக் கேட்டு வாங்குவது எளிதன்று. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் சவுண்ட்பார்களும் ஒரே பெட்டியில் வரும் ஹோம் தியேட்டர்களுமே காட்சிக்கு இருந்தன. ரிசீவர் வேண்டுமென்றால் முன்பணம் பெற்றுக்கொண்டு வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒரு கடையில் ஆயிரக்கணக்கான வாட் என்று அட்டையில் எழுதிய பெட்டியை முன்னே வைத்து, "இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று கேட்டார்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் அச்சிடப்படும் அத்தகைய எண்களுக்கும் உண்மையான வெளியீட்டுத் திறனுக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு சனிக்கிழமை திருவனந்தபுரம் சென்று, கேட்டுப் பார்க்கும் அறை உள்ள ஒரு கடையில் மூன்று ரிசீவர்களை அடுத்தடுத்துக் கேட்டேன். கேட்பதற்கு நான் கொண்டுபோனது சண்டைக் காட்சி அன்று. மழையில் இருவர் மெல்லப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி. இதை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். வெடிச் சத்தம் எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும். மழைக்குள் பேசும் பேச்சு எல்லாவற்றிலும் விளங்குவதில்லை.

முடிவில் தேர்ந்தெடுத்தது 2023-இல் வெளிவந்த டெனான் ஏ.வி.ஆர். எக்ஸ் 1800 எச். நாகர்கோவிலில் உள்ள விற்பனையாளர் ஒருவரிடமே வாங்கினேன். பிறகு பழுது என்றால் 25 கிலோமீட்டருக்குள் ஒருவரைத் தேடிப் போக முடியும் என்பதும், கருவியின் வரிசை எண் குறித்த பில்லை வாங்கிக்கொள்ள முடியும் என்பதும் அதற்குக் காரணம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத குடும்பம் குறைவு. அங்கிருந்து ரிசீவர் கொண்டுவரச் சொல்வதும் வழக்கம்தான். வளைகுடா நாடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் நம் மின்னழுத்தத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட்டுக்கும் ஜப்பானில் விற்பவை 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை; நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அந்தக் கணமே கெட்டுப்போகும். கருவியின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படிக்காமல் பிளக்கைத் தொடக் கூடாது.

இந்த ரிசீவரில் 7 சானல்களுக்கான ஆம்ப்ளிஃபயர்களும், சப்வூஃபர்களை இணைக்க 2 வெளியீடுகளும் உள்ளன. எச்.டி.எம்.ஐ. உள்ளீடுகள் ஆறு, வெளியீடு ஒன்று. சானல் ஒன்றுக்கு 80 வாட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில், இரண்டு சானல்கள் மட்டும் இயங்கும்போது அளந்த கணக்கு. ஏழும் ஒருங்கே முழுத் திறனில் ஒலிக்கும்போது அந்த அளவு கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். எங்கள் கூடம் 18 அடி நீளம், 12 அடி அகலம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கர், இத்தகைய அறையில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சில வாட்டுகளையே எடுத்துக்கொள்ளும். வாட்டை இரு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். எனவே வாட் எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை நடு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தேன். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரிசீவருக்கும் எஞ்சியது ஸ்பீக்கர்கள், 10 அங்குல சப்வூஃபர், வயர், சுவர்த் தாங்கிகள் ஆகியவற்றுக்கும் போயிற்று.

வயரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் ஏமாற இருந்தது அங்கேதான். ஸ்பீக்கர்களோடு இலவசமாகத் தருவதாகச் சொல்லி ஒரு கடையில் எடுத்துவைத்த வயர்ச் சுருள் செம்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. கையில் தூக்கியபோது மட்டும் எடை குறைவாகத் தோன்றியது. பேனாக் கத்தியால் ஓர் இழையைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினிய வயர் அது. மின்தடை கூடுதல் என்பது ஒரு குறை. நம் ஊருக்கு அதைவிடப் பெரிய குறை, உப்புக் காற்றில் அலுமினிய முனை விரைவில் பூத்துப்போகும் என்பதே. குளச்சலும் மணவாளக்குறிச்சியும் எங்கள் வீட்டுக்கு வெகு தொலைவில் இல்லை. காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் சன்னல் கம்பியே துருவேறும் இடம் இது. ஆகவே முழுச் செம்பில் 14 கேஜ் வயரைத் தனியாக வாங்கி, முனைகளில் வாழைப்பழ பிளக் எனப்படும் பொன்முலாம் பூசிய இணைப்பிகளை மாட்டினேன். ஸ்பீக்கரின் சிவப்பு முனையும் ரிசீவரின் சிவப்பு முனையும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதை ஒவ்வொரு வயரிலும் இரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மாறினாலும் ஒலி கேட்கும்; ஆனால் பேச்சு நடுவில் நிற்காமல் கலைந்து போகும்.

சுவருக்குள் வயர் இழுப்பது இன்னொரு சிக்கல். வீடு கட்டும்போதே குழாய் பதித்திருந்தால் வேலை எளிது. எங்களுடையது பழைய ஓட்டு வீட்டின் முன்பகுதியை இடித்து வார்ப்புப் போட்ட வீடு. கூடத்தின் வார்ப்புக்குள் எதையும் நுழைக்க வழியில்லை. சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங் ஓட்டி, அதே நிறத்தில் வண்ணம் பூசினோம். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் முறைக்காகக் கூரையில் மாட்ட வேண்டிய இரண்டு உயர ஸ்பீக்கர்களை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ரிசீவரில் அவற்றுக்கான இரண்டு சானல்கள் காத்திருக்கின்றன. வசனத்துக்காக வாங்கியவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஸ்பீக்கர்களை வைக்கும் இடம் வாங்கும் கருவியைப் போலவே முக்கியம். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நாம் அமரும் இடத்திலிருந்து பார்த்தால் நடுக்கோட்டுக்கு 22 முதல் 30 பாகைக்குள் வர வேண்டும். பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 பாகை அளவில், அமர்ந்திருப்பவரின் காதைவிட ஓரடி இரண்டடி உயரத்தில் இருப்பது நல்லது. நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சிக்குக் கீழுள்ள ஷோகேஸ் தட்டில் உள்ளே தள்ளி வைத்திருந்தேன். பேச்சு, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது. தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, அடியில் ஒரு ரப்பர்த் துண்டு கொடுத்து, முகம் தந்தையின் காதை நோக்கும்படி மேல்நோக்கிச் சாய்த்ததும் அந்த முழக்கம் அகன்றது. செலவே இல்லாத இந்த ஒரு திருத்தம் தந்த பலன், ரிசீவரின் எந்த அமைப்பும் தந்த பலனைவிடக் குறைந்ததன்று.

அடுத்தது கூடம். விட்ரிஃபைட் டைல் தரை, நான்கு பக்கமும் சிமெண்டுப் பூச்சு, மேலே வார்ப்பு: இன்று நம் மாவட்டத்தில் கட்டப்படும் ஏறக்குறைய எல்லாக் கூடங்களும் இப்படித்தான் இருக்கின்றன. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினால் அந்த ஓசை சுவர்களுக்கிடையே படபடவென்று ஓடி அடங்குவது காதில் விழும். பேச்சின் ஒவ்வொரு அசையின் வாலும் அடுத்த அசையின் தலைமேல் விழுந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ரிசீவரும் என்ன செய்யும்? சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே தடித்த ஜமுக்காளத்தை விரித்தோம்; இரண்டு சன்னல்களுக்கும் கனமான திரை தைத்தோம்; மாடி அறையில் இருந்த தந்தையின் புத்தக அலமாரியைக் கூடத்தின் பின்சுவருக்குக் கொண்டுவந்தோம். சிறியதும் பெரியதுமாக வரிசை குலைந்து நிற்கும் புத்தகங்கள் ஒலியைச் சிதறடிப்பதற்கு மிகவும் உகந்தவை. அந்த மூன்றுக்கும் பிறகு கை தட்டிப் பார்த்தபோது வேறுபாடு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்புதான் ரிசீவரின் அளவீட்டைத் தொடங்க வேண்டும். இந்தக் கருவியில் ஆடிஸி மல்ட்-ஈக்யூ எக்ஸ்.டி. என்ற அளவீட்டு முறை இருக்கிறது. பெட்டியில் வரும் மைக்கை அமரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு கீச்சொலியை எழுப்பி, அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தையும் அளவையும் அறையின் தாக்கத்தையும் கணக்கிடுகிறது. எட்டு இடங்களில் அளக்கலாம். முதல் இடம் முதன்மையானது. தொலைவும் ஒலி அளவும் அதைக் கொண்டே முடிவாகின்றன. அந்த இடத்தில் தந்தையின் நாற்காலியை வைத்தேன். மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைப்பதோ கையில் பிடிப்பதோ தவறு. பெட்டியோடு வரும் அட்டைத் தாங்கியோ கேமரா முக்காலியோ வேண்டும்.

முதல் முறை மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டதால் பின்னணி இரைச்சல் அதிகம் என்று திரையில் செய்தி வந்தது. இரண்டாம் முறை, அடுத்த ஊரின் திருவிழா ஒலிபெருக்கி காற்றில் மிதந்து வந்தது. மூன்றாம் முறை இரவு 11 மணிக்கு மேல், விசிறி, ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் நிறுத்திவிட்டு அளந்தேன். எட்டு இடங்களுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. முடிவுகளில் சப்வூஃபரின் தொலைவு, நாடாவால் அளந்ததைவிட ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. இது பிழையன்று. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சிறிது தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் தொலைவாகக் கணக்கிடுகிறது. அதைத் திருத்தக் கூடாது. திருத்த வேண்டியது வேறொன்று. முன் ஸ்பீக்கர்களை அது பெரியவை என்று குறித்திருந்தது. அவற்றைச் சிறியவை என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி முழுவதையும் சப்வூஃபருக்கு அனுப்பினேன். கனத்த ஒலியின் சுமை நீங்கியதும் ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு கிடைத்தது. பேச்சு இன்னும் தெளிந்தது. பிறகு நடுச் சானலை மட்டும் 2 டெசிபல் உயர்த்தினேன்.

தொலைக்காட்சியோடு இணைப்பதில் ஒரு நாள் வீணாயிற்று. ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டிலிருந்து போகும் கேபிள், தொலைக்காட்சியில் இ-ஆர்க் என்று எழுதிய அந்த ஒரு துளையில்தான் செருகப்பட வேண்டும்; தொலைக்காட்சியின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். தொலைக்காட்சியின் அமைப்புகளில் எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாட்டையும் இ-ஆர்க்கையும் இயக்கி, ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என்பதிலிருந்து, வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ என்பதற்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யும்வரை ரிசீவரின் முகப்பில் ஸ்டீரியோ என்றே வந்துகொண்டிருந்தது. ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் இரண்டின் ஒலிதான். புதிதாக வாங்குகிறவர்கள் படம் ஓடும்போது முகப்பில் டால்பி என்ற சொல் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓ.டி.டி. செயலிகளின் டால்பி ஒலிக்கு, இ-ஆர்க்கின் முந்தைய வடிவமான சாதாரண ஆர்க் இணைப்பே போதும். ப்ளூ-ரே தட்டின் தரம் இழக்காத ஒலியைத் தொலைக்காட்சி வழியாகக் கொண்டுவரத்தான் இ-ஆர்க் தேவைப்படுகிறது.

மின்சாரம் பற்றி நம் மாவட்டத்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஐப்பசி மாத மாலைகளில் இடி மின்னல் இல்லாத நாள் குறைவு. மின்னல் ரிசீவரைத் தாக்கும் வழி மின்கம்பி மட்டுமன்று. கேபிள் டிவி வயரின் வழியே செட்டாப் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கும் அது வரும். பக்கத்து வீட்டில் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தும் அந்த வழியில் தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. பகுதி கருகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். எனவே இடி முழங்கத் தொடங்கியதும் மின் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றுவதை வீட்டில் வழக்கமாக்கியிருக்கிறோம். கூடத்தின் பிளக் இன்வெர்ட்டரோடு இணைந்திருந்தால் அது சைன் அலை தரும் வகையா என்று பார்க்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் இரைந்து சூடாகும். சப்வூஃபரை எதிர்ச்சுவரின் பிளக்கில் மாட்டியபோது இடைவிடாமல் "ம்ம்ம்" என்று ஓர் ஓசை கேட்டது. ரிசீவர் செருகிய அதே பலகையில் மாற்றிச் செருகியதும் நின்றது. இரண்டு இடங்களின் எர்த்துக்கும் இடையே இருந்த வேறுபாடுதான் காரணம்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் ரிசீவரை அடைத்து வைக்கக் கூடாது. மேலே அரையடிக்குக் குறையாமல் காற்றுக்கு இடம் விட வேண்டும். தூசி படுகிறது என்று துணி போர்த்தினால், இயக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் மேல் துளைகளில் நுழைவது நம் வீடுகளில் சாதாரணம். நான் தட்டின் பின்புறத்தில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். ரிசீவரின் துளைகளை அது மூடவில்லை.

எட்டு மாதங்களில் ரிசீவர் ஒரு முறையும் தடுமாறவில்லை. முதல் நாளில் திரையிலேயே படிப்படியாக வழிகாட்டும் அமைப்பும், வயர்களில் ஒட்டுவதற்குப் பெட்டியோடு தரும் வண்ணச் சீட்டுகளும் முதன்முறை வாங்குகிறவருக்கு உண்மையில் உதவுபவை. முகப்பில் உள்ள நான்கு குவிக் செலக்ட் பொத்தான்களில் முதலாவதில் தந்தைக்கான அமைப்பைப் பதிந்து வைத்திருக்கிறேன்: தொலைக்காட்சி, நடுச் சானல் உயர்வு, இரைச்சலான காட்சியையும் மெல்லிய காட்சியையும் நெருக்கிக் கொண்டுவரும் டைனமிக் வால்யூம். அவர் ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாவதில் பாட்டுக்கு, இரண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும். பட்டியலில் உள்ள வசதிகளில் பாதியை நாங்கள் தொடவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொலைக்காட்சிகளுக்குப் படம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கும், பின்னாளில் தனி பவர் ஆம்ப்ளிஃபயர்களைச் சேர்க்க நினைப்பவர்களுக்கும் இந்த மாடல் பொருந்தாது. அவர்கள் அதற்கு மேலுள்ள மாடல்களைப் பார்க்க வேண்டும். பெரிய அறையில் 4 ஓம் ஸ்பீக்கர்களை உரக்க ஒலிக்க வைக்க நினைப்பவர்களும் அப்படியே.

விற்பனையாளரின் சேவையையும் குறிப்பிட வேண்டும். பொருத்த வந்த இளைஞர் வயரை ஓட்டி, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப இருந்தார்; அளவீட்டை யாரும் கேட்பதில்லை என்றார். "தம்பி, அதுக்காகத்தானே வாங்கினது" என்று நான் சொன்னதும் உட்கார்ந்து என்னோடு முழுவதையும் படித்துப் பார்த்தார். திரை தைத்து மாட்டிய பின், நான் அழைக்காமலே இன்னொரு மாலையில் வந்து மறுபடியும் அளந்து தந்தார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. வாங்கும்போதே, பொருத்துவதோடு அளவீடும் சேர்ந்ததா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது தந்தை இரவு உணவுக்குப் பின் முதல் பொத்தானை அழுத்திவிட்டு அமர்கிறார். சென்ற வாரம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கதாநாயகன் ழகரத்தை ளகரமாக உச்சரித்துவிட்டான் என்று சொல்லி, என்னை அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.